அமெரிக்கக் கல்லூரியில் ப்ரீகால்குலஸ்: அந்த எட்டுப் பக்க சிலபஸை எப்படி வாசிப்பது?

கீழக்கரைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ, கணிதத்தில் 88. ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) சேரப்போகிறார். எந்த நிலைப் பாடத்தில் சேர்ப்பது என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் தேர்வில் கால்குலஸ் கிடைக்கவில்லை, அதற்கு முந்தின படியான ப்ரீகால்குலஸில் போட்டுவிட்டார்கள். ஆசிரியர் அனுப்பிய சிலபஸ் எட்டுப் பக்கம், அதில் பாடத்தைவிட விதிகள்தான் அதிகம். "பிளஸ் ஒன்னில் படித்த கணக்குதானே, கடைசி ஒரு மாதம் உட்கார்ந்தால் போதாதா? இந்த விதிகளை எவ்வளவு தூரம் பொருட்படுத்த வேண்டும்?" என்பது கேள்வி.

போதாது தம்பி. உங்களுக்குக் கணக்கு வராது என்று நினைத்துச் சொல்லவில்லை. பிளஸ் ஒன் புத்தகத்தின் முதல் தொகுதியை ஒழுங்காக முடித்த பிள்ளைக்கு ப்ரீகால்குலஸில் புதிதாக இருப்பது குறைவுதான். ஆனால் மதிப்பெண் சேருகிற விதம் முற்றிலும் வேறு. கடைசித் தேர்வில் பிடித்துக்கொள்ளலாம் என்று இருப்பவர் கணக்கு தெரிந்தே தோற்பார். அந்த எட்டுப் பக்கத்தை ஆசிரியர் உங்களோடு போட்டுக்கொண்ட உடன்படிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எழுதியிருப்பதை அவர் மாற்றமாட்டார். எழுதாத சலுகையைக் கேட்டாலும் கிடைக்காது.

முதலில் மதிப்பெண் பங்கீட்டைப் பாருங்கள். நம் பக்கம் அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கலைக் கல்லூரிகளில் பொதுவாக அகமதிப்பீடு 25, பல்கலைத் தேர்வு 75. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எழுத்துப் பாடங்களுக்கு 40க்கு 60. பிளஸ் டூவில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. எல்லாவற்றிலும் கனம் கடைசித் தேர்வில்தான். அமெரிக்கக் கல்லூரி ப்ரீகால்குலஸில் இறுதித் தேர்வுக்கு நான்கில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். மீதி வாரா வாரம் சேருவது.

ஒரு மாதிரிப் பங்கீடு வைத்துப் பார்ப்போம்: வீட்டுப்பாடம் 15, குவிஸ் 15, இடைத்தேர்வுகள் மூன்று தலா 15, இறுதித் தேர்வு 25. ஒரு மாணவர் இடைத்தேர்வு மூன்றிலும் 75 சதவீதம் எடுக்கிறார், இறுதித் தேர்வில் 90. நம் ஊரில் அவர் நல்ல மாணவர். ஆனால் வீட்டுப்பாடத்தில் பாதிக்கு மேல் விட்டுவிட்டு 40 சதவீதம், குவிஸில் 50. கூட்டினால் வீட்டுப்பாடத்துக்கு 6, குவிஸுக்கு 7.5, இடைத்தேர்வுகளுக்கு 33.75, இறுதித் தேர்வுக்கு 22.5. மொத்தம் 69.75. பெரும்பாலான இடங்களில் 90க்கு மேல் ஏ, 80க்கு மேல் பி, 70க்கு மேல் சி, 60க்கு மேல் டி. இவருக்குக் கிடைப்பது டி. டி என்றால் தோல்வி இல்லை, கிரெடிட் கணக்கில் ஏறும். ஆனால் கால்குலஸ் ஒன்றில் சேர சி அல்லது அதற்கு மேல் வேண்டும் என்றுதான் அநேகமாக எல்லாக் கல்லூரிகளும் கேட்கும். அதாவது இன்னொரு செமஸ்டர், இன்னொரு தடவை கட்டணம், அதே பாடம். இதே மாணவர் வீட்டுப்பாடத்தில் 90, குவிஸில் 75 எடுத்திருந்தால் மொத்தம் 81, கிரேடு பி. தேர்வுகளில் ஒரு மதிப்பெண்கூடக் கூட்ட வேண்டியதில்லை.

உங்கள் சிலபஸில் உள்ள பங்கீட்டை வைத்து இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு, அறையில் ஒட்டி வையுங்கள். கடைசி இடைத்தேர்வு முடிந்ததும் இறுதித் தேர்வில் எவ்வளவு வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். இறுதித் தேர்வு 25 பங்கு, அதுவரை 50.5 சேர்ந்திருக்கிறது, 70 தொட வேண்டும் என்றால் மீதி 19.5. அதை 0.25ஆல் வகுத்தால் 78 சதவீதம் எடுக்க வேண்டும்.

அடுத்தது நேரம். அங்கே ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேர வேலையும் என்பது கணக்கு. ப்ரீகால்குலஸ் 4 கிரெடிட் என்றால் வகுப்பு 4, வீட்டில் 8, ஆக வாரம் 12 மணி நேரம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும், அது வாரம் 36 மணி நேரம். வளாகத்துக்குள் வேலை பார்க்க வாரம் 20 மணி நேரம் வரை அனுமதி உண்டு என்பதால் முதல் செமஸ்டரிலேயே இருபதையும் நிரப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 56 மணி நேர வாரத்தில் முதலில் விழுவது கணக்கு வீட்டுப்பாடம்தான். முதல் செமஸ்டரில் வேலையைப் பத்து மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

வீட்டுப்பாடம் பெரும்பாலும் கணினியில். மைலேப், வெப்அசைன், அலெக்ஸ் போன்ற மென்பொருள் ஒன்றை ஆசிரியர் சொல்லியிருப்பார். அதற்குள் நுழைய அக்சஸ் கோடு தனியாக வாங்க வேண்டும். பழைய புத்தகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கோடு அதில் இருக்காது, இருந்தாலும் யாராவது பயன்படுத்தியிருப்பார்கள். சில ஆசிரியர்கள் ஓபன்ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் இலவசப் பாடநூலையே வைத்திருப்பார்கள், அப்படியானால் செலவு மிச்சம். எது என்று சிலபஸில் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

மென்பொருள் விடையை மட்டும்தான் பார்க்கும். விடை சரியாக இருந்தும் எழுதும் முறையில் பிசகினால் தப்பு என்று காட்டும். √12 என்று எழுதினால் ஏற்காது, 2√3 என்று சுருக்கச் சொல்லும். இடைவெளிக் குறியீட்டில் வளைந்த அடைப்புக்குறிக்குப் பதில் சதுர அடைப்புக்குறி போட்டால் மதிப்பெண் போய்விடும். அது மென்பொருளின் கிறுக்கு என்று ஒதுக்காதீர்கள். முனைப்புள்ளி சேருமா சேராதா என்பது கணக்கின் உயிரான இடம், தாளில் எழுதும் தேர்விலும் அதே மதிப்பெண் போகும். ஒவ்வொரு கணக்கையும் நோட்டில் முழுதாகப் போட்டுவிட்டுப் பிறகு விடையைத் தட்டுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே மனதில் போட்டுத் தட்டிப் பழகினால் இடைத்தேர்வில் வெற்றுத் தாளைப் பார்த்ததும் கை ஓடாது.

கெடு நேரத்தில் நம் பிள்ளைகள் ஏமாறுவது தேதி எழுதும் முறையில். அங்கே மாதம் முதலில் வரும். 09/08 என்றால் செப்டம்பர் 8, ஆகஸ்ட் 9 இல்லை. இரவு 11:59 என்று கெடு போட்டிருந்தால் அந்த நிமிடத்தோடு மென்பொருள் தானாக மூடிக்கொள்ளும். ஊரிலிருந்தபடியே செய்ய வேண்டிய ஆரியன்டேஷன் (புது மாணவர் அறிமுகம்) வேலைகளுக்கும் கெடு அங்கத்திய நேரம்தான். அமெரிக்கக் கிழக்குக் கரை கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு பத்தரை.

தாமதத்துக்கு என்ன தண்டனை என்பது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். நாளுக்குப் பத்து சதவீதம் கழிப்பவர் உண்டு, கெடு தாண்டினால் பூஜ்யம் என்பவரும் உண்டு. பூஜ்யம் போடுகிறவர் குறைந்த மதிப்பெண் வந்த இரண்டு வீட்டுப்பாடத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். காய்ச்சலுக்கும் இன்டர்நெட் கோளாறுக்கும் தரும் சலுகை அதிலேயே அடங்கிவிட்டது என்பது அவர் நிலை. அந்த இரண்டையும் முதல் மாதத்திலேயே சோம்பலுக்குச் செலவழித்துவிடாதீர்கள்.

தேர்வுக்கு வருவோம். பிளஸ் டூ கணித வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வி பத்தில் ஏழு எழுதினால் போதும், மூன்று மதிப்பெண்ணிலும் அப்படியே, ஐந்து மதிப்பெண்ணில் 'அல்லது' இருக்கும். ஒரு பாடத்தை விட்டுவிட்டுப் போனாலும் சமாளிக்கலாம். அங்கே சாய்ஸ் கிடையாது. கொடுத்த எல்லாக் கேள்வியும் கட்டாயம். நேரமும் 50 அல்லது 75 நிமிடம்தான். ஒரு மதிப்பெண் வினாக்களின் விடையைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்த பழக்கத்துக்கும் அங்கே வேலை இல்லை, புத்தகக் கணக்கு அப்படியே வராது.

தேர்வில் மதிப்பெண் வழிமுறைக்கு. விடை மட்டும் எழுதினால் சரியாக இருந்தாலும் பாதிகூடத் தரமாட்டார்கள். "எக்சாக்ட் ஆன்சர்" என்று கேட்டால் பை/6 என்று எழுத வேண்டும், 0.52 என்று எழுதக் கூடாது. திருத்திய தாள் கைக்கு வரும். மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் பணம் கட்டி விண்ணப்பிக்கிற வழக்கம் இல்லை. தாள் கிடைத்த சில நாட்களுக்குள் ஆசிரியரிடமே நேரில் கேட்கலாம், எத்தனை நாள் என்பது சிலபஸில் இருக்கும். கேட்பது அங்கே மரியாதைக் குறைவு ஆகாது.

கால்குலேட்டர் விதியைத் தனியாகப் படியுங்கள். நம் கணிதப் பொதுத்தேர்வில் கால்குலேட்டரே கிடையாது, அதனால் உங்கள் கை வேகம் அங்கே உள்ள பிள்ளைகளைவிட நன்றாக இருக்கும். ஆனால் கருவியில் பழக்கம் இருக்காது. பெரும்பாலும் டிஐ-84 வகை கிராஃபிங் கால்குலேட்டரை அனுமதிப்பார்கள். சமன்பாட்டைக் குறியீடாகவே தீர்த்துத் தரும் சிஏஎஸ் வகைக்கும், செல்போனுக்கும் தடை இருக்கும். சில ஆசிரியர்கள் தேர்வை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியைக் கருவி இல்லாமல் எழுதச் சொல்வார்கள். கருவியில் −3 என்று தட்டி வர்க்கம் போட்டால் −9 வரும், 9 வேண்டுமானால் −3ஐ அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். 1/2எக்ஸ் என்று தட்டினால் எக்ஸில் பாதி என்று எடுத்துக்கொள்ளும். இரண்டும் அடிக்கடி நடப்பவை.

எல்லாவற்றையும்விட அதிகமாக மதிப்பெண்ணைத் தின்பது டிகிரி, ரேடியன் குழப்பம். ஒரு கணக்கை முழுதாகப் போட்டே காட்டுகிறேன், இந்தப் பாடத்தில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதும் புரியும்.

பாம்பன் பக்கம் கடல் ஏறி வற்றுவதை எடுத்துக்கொள்வோம். எண்கள் மாதிரிக்குத்தான்: காலை 6 மணிக்கு நீர் உச்சத்தில் 0.8 மீட்டர், முழுதாக வற்றும்போது 0.2 மீட்டர், ஓர் உச்சத்திலிருந்து அடுத்த உச்சத்துக்கு 12.4 மணி நேரம். நீரின் உயரத்தை நேரத்தின் சார்பாக எழுது, 9 மணிக்கு உயரம் என்ன, அன்று பகலில் உயரம் 0.35 மீட்டர் ஆகும் நேரங்கள் எவை என்று கேள்வி.

நடுக்கோடு 0.8, 0.2 இரண்டின் சராசரி, அதாவது 0.5. வீச்சு, வித்தியாசத்தில் பாதி, 0.3. உச்சத்தில் தொடங்குவதால் சைனைவிட காஸ் வசதி, பக்கவாட்டு நகர்வு வேண்டாம். சுற்றுக்காலம் 12.4 என்பதால் நேரத்தோடு பெருக்க வேண்டிய எண் 2பை/12.4, சுமார் 0.507. இந்த இடத்தில் 12.4ஐயே நேராகப் பெருக்கிவிடுவது முதல் தப்பு. ஆக, உயரம் = 0.5 + 0.3 காஸ்(0.507 × நேரம்). நேரம் என்பது காலை 6 மணியிலிருந்து எண்ணும் மணி நேரம். இந்த வரியை எழுதாமல் விட்டால் அதற்கும் ஒரு மதிப்பெண் குறையும்.

9 மணிக்கு நேரம் 3. 0.507ஐ 3ஆல் பெருக்கினால் 1.52 ரேடியன், அதன் காஸ் சுமார் 0.05, உயரம் சுமார் 0.52 மீட்டர். கருவி டிகிரியில் இருந்தால் காஸ் 0.9996 என்று வந்து உயரம் 0.80 மீட்டர் என்று காட்டும். மூன்று மணி நேரம் ஆகியும் கடல் துளிகூட வற்றவில்லை என்கிறது அந்த விடை. கரையில் வளர்ந்த பிள்ளைக்கு அது இடிக்க வேண்டும். உச்சத்துக்கும் முழு வற்றுக்கும் இடையே 6.2 மணி, அதில் பாதி 3.1 மணி, அப்படியானால் 9 மணிக்கு நீர் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். விடையை எழுதிவிட்டு இப்படி ஒரு நிமிடம் ஒத்துப்பார்ப்பதைத்தான் சிலபஸில் "விடையின் பொருத்தத்தை விளக்குதல்" என்பது போல எழுதியிருப்பார்கள்.

கடைசிக் கேள்விக்கு காஸ் மதிப்பு −0.5 ஆக வேண்டும். கருவியில் நேர்மாறு காஸ் தட்டினால் 2பை/3 மட்டும் வரும். அது 4.13 மணி நேரம், அதாவது காலை 10:08. அங்கேயே நிறுத்தினால் பாதி மதிப்பெண் போச்சு. ஒரு சுற்றில் காஸ் −0.5 ஆவது இரண்டு இடங்களில், இன்னொன்று 4பை/3. அது 8.27 மணி நேரம், பிற்பகல் 2:16. நீர் வற்றிக்கொண்டே போகும்போது ஒருமுறை, திரும்ப ஏறும்போது ஒருமுறை. படம் வரைந்து பார்த்தவர் இரண்டாவதைத் தவறவிடமாட்டார்.

பாடத்தில் நம் பிள்ளைகளுக்கு எங்கே பள்ளம் என்றால், சூத்திரத்தில் இல்லை, சார்பு என்ற எண்ணத்தில். பிளஸ் ஒன் முதல் தொகுதியில் கணங்கள், தொடர்புகள், சார்புகள் என்று முதல் அத்தியாயமே அதுதான். பல பள்ளிகளில் அதை வேகமாக ஓட்டிவிட்டு வகையிடலுக்குப் போய்விடுகிறார்கள். வகையிடலில் மதிப்பெண் எளிது என்பது காரணம். விளைவு, எக்ஸ் வர்க்கத்தை வகையிடத் தெரிந்த பிள்ளைக்கு அதன் வரைபடத்தை இரண்டு அலகு வலது பக்கம் நகர்த்தத் தெரியாது. ப்ரீகால்குலஸ் முழுவதும் இந்த நகர்த்தல், நீட்டல், கவிழ்த்தல்தான். அதோடு சார்பகம் (சார்பில் போடக்கூடிய எண்கள்), வீச்சகம் (அதிலிருந்து வரக்கூடிய எண்கள்). பாம்பன் புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி 17 மீட்டர் வரை மேலே போகும். எத்தனையாவது நிமிடத்தில் எவ்வளவு உயரம் என்று ஒரு சார்பு எழுதினால் வீச்சகம் 0 முதல் 17 வரை மட்டுமே. சூத்திரத்தில் ஏதோ ஓர் எண்ணைப் போட்டு 20 என்று வந்தால் அது விடை ஆகாது, ஏன் ஆகாது என்று ஒரு வரி எழுதினால் மதிப்பெண் உண்டு.

இயற்கணிதப் பிழைகளில் மூன்றைச் சொல்கிறேன். எக்ஸ்² = 5எக்ஸ் என்பதை இரு பக்கமும் எக்ஸால் வகுத்து 5 மட்டும் என்று எழுதுவது முதலாவது, பூஜ்யம் காணாமல் போகும். இரண்டு எண்களைக் கூட்டி மடக்கை எடுப்பதும் தனித்தனி மடக்கைகளைக் கூட்டுவதும் ஒன்று என்று நினைப்பது இரண்டாவது. மூன்றாவது, மடக்கைச் சமன்பாட்டில் வரும் பொய்த் தீர்வை விலக்காமல் விடுவது: அடிமானம் 2க்கு, எக்ஸின் மடக்கையும் (எக்ஸ் − 2)இன் மடக்கையும் கூடி 3 என்றால் எக்ஸ்² − 2எக்ஸ் − 8 = 0 வரும், தீர்வுகள் 4, −2. குறை எண்ணுக்கு மடக்கை கிடையாது, ஆகவே 4 மட்டும்.

நேர்மை விதியை நம் வழக்கத்தை வைத்துப் படிக்காதீர்கள். ரெக்கார்டு நோட்டை மாற்றி மாற்றி எழுதுவது நம் கல்லூரிகளில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத விஷயம். அங்கே உங்கள் விடையைப் பார்த்து எழுதக் கொடுத்தாலும் எழுதியவருக்கு உள்ள தண்டனை உங்களுக்கும் உண்டு. அந்தத் தேர்வுக்குப் பூஜ்யம், பாடத்துக்கே எஃப், கல்லூரிப் பதிவேட்டில் குறிப்பு என்று ஏறிக்கொண்டே போகும். விடை தரும் தளங்கள், போனில் படம் எடுத்தால் கணக்குப் போடும் செயலிகள், செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஆகியவற்றைப் பற்றித் தனிப் பத்தி இருக்கும். சிலர் வீட்டுப்பாடத்துக்கு அனுமதிப்பார்கள், சிலர் எதற்குமே அனுமதிக்கமாட்டார்கள். எழுதியிருப்பது புரியவில்லை என்றால் பயன்படுத்துவதற்கு முன் கேட்டுவிடுங்கள். நண்பரோடு உட்கார்ந்து பேசிப் படிக்கலாமா, எழுதும்போது பிரிந்துவிட வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வருகை விஷயத்தில் 75 சதவீதம் இருந்தால் ஹால் டிக்கெட் என்ற கணக்கு அங்கே இல்லை. சிலர் வருகைக்கு மதிப்பெண் தருவார்கள், சிலர் எடுக்கவே மாட்டார்கள். ஆனால் முதல் வாரத்தில் ஒருமுறைகூட வராதவரைப் பல கல்லூரிகள் பட்டியலிலிருந்தே எடுத்துவிடும். அப்படி எடுத்தால் உங்கள் கிரெடிட் 12க்குக் கீழே போய் விசாவுக்கே சிக்கல். சென்னையில் விசா நேர்காணல் தள்ளிப்போய் வகுப்பு தொடங்கியபின் போய்ச் சேர நேர்ந்தால், சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் ஆசிரியருக்கும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அதே நேரம், கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் அந்த நாட்டுக்குள் போக முடியாது.

இந்த எஃப்-1 விஷயத்தை உள்ளூர் மாணவர் யாரும் உங்களுக்குச் சரியாகச் சொல்லமாட்டார்கள், அவர்களுக்கு அது பொருந்தாது. பாடம் கடினமாக இருந்தால் "டிராப் பண்ணிடு" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் விட்டால் பதிவேட்டில் தடமே இருக்காது. அதற்குப் பிறகு, கல்லூரி குறித்த கெடு வரை, டபிள்யூ (விலகியவர்) என்று பதிவாகும். அது ஜிபிஏவை, அதாவது கிரேடு சராசரியை, தொடாது. எஃப் வாங்கினால் 4 கிரெடிட்டுக்கும் பூஜ்யம் விழும். ஆகவே டபிள்யூ நல்லதுதான், ஆனால் உங்களுக்கு ஒரு படி முன்னால் இருக்கிறது: விட்டால் 12 கிரெடிட்டுக்குக் கீழே போகுமானால், விடுவதற்கு முன்பே டிஎஸ்ஓவின் (வெளிநாட்டு மாணவர் விஷயத்தைப் பார்க்கும் கல்லூரி அதிகாரி) அனுமதி செவிஸில் (மாணவர் விசாவுக்கான அரசுப் பதிவேடு) ஏற வேண்டும். விட்டபின் போய் நின்றால் விசா நிலை முறிந்துபோகும். பாடம் உங்கள் மட்டத்துக்குப் பொருந்தவில்லை, தவறான நிலையில் சேர்த்துவிட்டார்கள் என்பது சட்டத்திலேயே ஏற்றுக்கொண்ட காரணங்களில் ஒன்று. அப்போதும் குறைந்தது 6 கிரெடிட் கையில் இருக்க வேண்டும், அடுத்த செமஸ்டரில் முழுச் சுமைக்குத் திரும்ப வேண்டும், படிப்பு தொடர்பான காரணத்துக்காக இந்தச் சலுகை ஒரு பட்ட நிலைக்கு ஒருமுறைதான். இன்னொன்று, முழுக்க ஆன்லைனில் நடக்கும் வகுப்புகளில் ஒரு செமஸ்டருக்கு ஒரு வகுப்பு, அதாவது 3 கிரெடிட், மட்டுமே அந்தப் பன்னிரண்டில் சேரும். ப்ரீகால்குலஸை நேரடி வகுப்பாகவே எடுங்கள்.

ஜும்மாவுக்குப் போகிறவர் என்றால் வெள்ளி மதியம் வகுப்பு இல்லாத பிரிவைப் பதிவின்போதே பாருங்கள். ஒரே பாடம் நாலைந்து பிரிவாக நடக்கும். இந்த ஆண்டுகளில் ரமலான் ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங் செமஸ்டருக்குள் வருகிறது. பெருநாளன்று தேர்வு விழுந்தால் மாற்றுத் தேதி தருவதற்குப் பல கல்லூரிகளில் விதி உண்டு, ஆனால் செமஸ்டர் தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். முந்தின நாள் கேட்டால் கிடைக்காது.

ஆசிரியருக்கு எழுதும்போது கல்லூரி கொடுத்த மின்னஞ்சலிலிருந்து மட்டும் எழுதுங்கள். தலைப்பில் பாட எண்ணும் பிரிவு எண்ணும் இருக்கட்டும், ஒருவருக்கே மூன்று பிரிவு இருக்கும். "மதிப்பிற்குரிய ஐயா" தோரணையில் அரைப் பக்கம் வேண்டாம். புரொஃபசர் என்று குடும்பப் பெயரோடு விளித்து, எந்தக் கணக்கு, எதுவரை போட்டேன், எங்கே நின்றுவிட்டது என்று நாலு வரி போதும். நோட்டைப் படம் எடுத்து இணையுங்கள். ஆபீஸ் ஹவர்ஸ் என்று போட்டிருக்கும் நேரம் உங்களுக்காகவே ஒதுக்கியது, முதல் இரண்டு வாரத்திலேயே ஒருமுறை போய் முகம் காட்டுங்கள். டியூட்டரிங் மையத்தில் கணக்கு சொல்லித்தருவது பெரும்பாலும் இலவசம்.

வாப்பா வளைகுடாவில் இருந்தபடி கல்லூரிக்குப் போன் போட்டு மதிப்பெண் கேட்டால் சொல்லமாட்டார்கள். 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி கல்லூரியில் சேர்ந்த மாணவரின் பதிவேடு அவருக்கே உரியது. நீங்கள் எழுத்தில் ஒப்புதல் கொடுத்தால்தான் வீட்டாருக்குச் சொல்வார்கள். இதைப் போவதற்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள், மறைக்கிறான் என்ற வருத்தம் வராது.

இனி, ப்ரீகால்குலஸிலேயே இருப்பதா, பிளேஸ்மென்ட் தேர்வை மறுபடி எழுதி கால்குலஸுக்குத் தாவுவதா? அலெக்ஸ் மென்பொருளில் நடக்கும் பிளேஸ்மென்ட் தேர்வில் அதிகபட்சம் 30 கேள்வி, நீங்கள் போடும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வி மாறும். மறந்துபோனதால் குறைந்திருந்தால் அதோடு வரும் பயிற்சிப் பகுதியை மூன்று நான்கு வாரம் செய்துவிட்டு மறுபடி எழுதலாம், எத்தனை முறை என்பது கல்லூரி விதி. முடிவெடுப்பதற்கு முன் புத்தகம் பார்க்காமல் இந்த நான்கையும் போட்டுப் பாருங்கள்.

ஒன்று: சார்பு 2எக்ஸ்² − 3எக்ஸ். எக்ஸுக்குப் பதில் எக்ஸ் + ஹெச் போட்டு, பழையதைக் கழித்து, ஹெச்சால் வகுத்துச் சுருக்குங்கள். 4எக்ஸ் + 2ஹெச் − 3 வர வேண்டும். வகையிடல் சூத்திரத்தை வைத்து 4எக்ஸ் − 3 என்று எழுதினால் அது விடை இல்லை. இரண்டு: வர்க்கமூலக் குறிக்குள் 4 − எக்ஸ்². சார்பகம் சொல்லி, வரைந்து காட்டுங்கள். சார்பகம் −2 முதல் 2 வரை, படம் மேல் அரைவட்டம். மூன்று: 2 சைன்²எக்ஸ் − சைன் எக்ஸ் − 1 = 0, 0 முதல் 2பை வரை. பை/2, 7பை/6, 11பை/6 மூன்றும் வர வேண்டும். நான்கு: (எக்ஸ்² − 1)ஐ (எக்ஸ்² − எக்ஸ் − 2)ஆல் வகுத்த சார்பை வரையுங்கள். எக்ஸ் 2 ஆகும் இடத்தில் செங்குத்துத் தொலைத்தொடுகோடு, உயரம் 1இல் கிடைமட்டத் தொலைத்தொடுகோடு, எக்ஸ் −1 ஆகும் இடத்தில் தொலைத்தொடுகோடு இல்லாமல் உயரம் 2/3இல் ஓர் ஓட்டை. இந்த ஓட்டையைத் தொலைத்தொடுகோடு என்று வரைகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

நான்கும் தடுமாறாமல் வந்தால் மறுபடி எழுதுங்கள், கால்குலஸ் ஒன்றில் சேருங்கள். இரண்டில் சிக்கினால் ப்ரீகால்குலஸிலேயே இருங்கள். அதில் வாங்கும் ஏ, கால்குலஸில் வாங்கும் சியைவிட, பின்னால் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது கை கொடுக்கும்.

கிளம்புவதற்குள் பிளஸ் ஒன் முதல் தொகுதியில் சார்புகள், அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல் மூன்றையும் இன்னொரு முறை போட்டுவிடுங்கள். பயிற்சிக் கணக்கைவிட எடுத்துக்காட்டுகளின் வரைபடங்களைக் கையால் வரைவது முக்கியம். அலகு வட்டத்தில் 30, 45, 60 டிகிரிக்குரிய மதிப்புகள் நான்கு கால்பகுதியிலும் ரேடியனில் நாக்கு நுனியில் இருக்கட்டும். புத்தகத்தைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், எடை பார்க்க வேண்டாம். கால்குலேட்டரை மட்டும், எந்த மாடல் என்று சிலபஸைப் பார்த்து, அங்கே போய் வாங்குங்கள். பல கல்லூரி நூலகங்களில் செமஸ்டர் முழுவதற்கும் இரவல் தருவார்கள், முதல் வாரத்திலேயே கேட்டால்தான் மிச்சம் இருக்கும்.